மகளுக்கு ஆன்லைனில் டிகிரி: நம்பிச் சேர்க்கலாமா?

#1 செம்பனை_லாரி | சுங்கை சிப்புட் | இரவு 9.12

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். மகளுக்கு 22 வயது. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சை முடித்ததும் ஆறாம் படிவம் போகச் சொன்னோம். அந்த நேரம் பார்த்து அவள் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் கோலகங்சாருக்கு ரத்தம் சுத்தம் செய்ய அழைத்துப் போக வேண்டியதாகிவிட்டது. "அடுத்த வருஷம் போறேன்ப்பா" என்றாள். அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. இப்போது டவுனில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருக்கிறாள்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு ஏஜென்ட் பேசினார். வீட்டில் இருந்தபடியே டிகிரி, வணிக நிர்வாகம், ஆறு மாதத்தில் சான்றிதழ் கையில், பரீட்சை கிடையாது என்றார். என் தங்கை மகன் ஷா ஆலமில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான், அவனுக்கே பாதி வகுப்பு ஆன்லைனில்தானாம். எல்லாரும் இந்தப் பக்கம்தான் போகிறார்கள் போலிருக்கிறது. எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

ஆன்லைனில் படித்த டிகிரியை வேலைக்குப் போகிற இடத்தில் மதிப்பார்களா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய_கிராணி | இரவு 9.40

மனம் ஒப்பவில்லை என்றால் அதைக் கேளுங்கள் தம்பி.

31 வருஷம் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன் நான். வீட்டில் இருந்தபடியே படிப்பு என்பது இன்று நேற்று வந்ததல்ல. பினாங்கில் இன்றைக்கு யூ.எஸ்.எம். பல்கலைக்கழகம் என்கிறோமே, அங்கே 1971-லேயே வளாகத்துக்கு வெளியே படிக்கும் திட்டம் தொடங்கிவிட்டார்கள். பிற்பாடு எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆசிரியர் ஒருவர் இப்படித் தபால் வழிப் படிப்பு ஒன்றில் சேர்ந்தார். பழுப்பு உறையில் பாடம் வரும். தபால்காரர் அதை என் மேசையில்தான் போட்டுவிட்டுப் போவார். முதல் நான்கு உறைகளை அங்கேயே நின்று பிரித்தார். ஐந்தாவதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு வந்த உறைகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வீட்டு அலமாரிமேல் பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்தார், கல்யாணப் பத்திரிகைக் கட்டு மாதிரி. நல்ல மனிதர், கெட்டிக்காரர். அப்படியும் முடிக்கவில்லை.

இன்னொன்று. தோட்டத்துப் பிள்ளைக்கு யுனிவர்சிட்டி என்பது சான்றிதழ் மட்டுமா? மூன்று வருஷம் லயத்து வீட்டை விட்டு வெளியே போய்த் தங்குவது, மலாய்ப் பிள்ளையோடும் சீனப் பிள்ளையோடும் ஒரே அறையில் படுத்து எழுவது, நாலு இடம் பார்ப்பது. வீட்டிலேயே உட்கார்ந்து போனில் படித்தால் அந்தப் பெண் எப்போது இந்தப் பால்மரத்தையும் செம்பனையையும் தாண்டுவாள்?

ரேடியோவில் இதற்கு 'இயங்கலைக் கல்வி' என்கிறார்கள். சொல் நன்றாகத்தான் இருக்கிறது.

#3 இரவு_ஷிப்ட் | இரவு 11.55

கிராணி ஐயா, நீங்கள் சொன்ன அலமாரியை என் வீட்டிலும் பார்த்திருக்கிறேன், அதனால் மறுக்க மாட்டேன். ஆனால் மூன்று வருஷம் லயத்தை விட்டுப் போக முடிகிறவனுக்குத்தான் உங்கள் பேச்சு பொருந்தும். எனக்கு 34 வயதில் இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். நான் எங்கே போய்த் தங்குவது?

கமுண்டிங் பக்கம் தொழிற்சாலையில் வேலை. எஸ்.பி.எம்.-இல் எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி ரிசல்ட் இல்லை. 'அப்பெல்' என்று ஒரு வழி இருக்கிறது. 21 வயதுக்கு மேல் இருந்து, படிக்கப்போகிற துறையில் வேலை அனுபவமும் இருந்தால், அதைக் கோப்பாகக் கட்டிக் கொடுத்துத் தேர்வு எழுதலாம். தேறினால் ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா இல்லாமலேயே டிகிரிக்கு விண்ணப்பிக்கலாம். என் கோப்பில் என்ன இருந்தது தெரியுமா? முதலாளி கொடுத்த கடிதம், ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ், தொழிற்சாலையில் கொடுத்த பயிற்சிச் சான்றிதழ்கள். ஒன்றிரண்டில் கிரீஸ் கறை. அதையும் போட்டோஸ்டாட் எடுத்து வைத்தேன்.

படித்தது எங்கே என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு எங்களுக்கு அரை மணி நேரம் சாப்பாட்டு நேரம். மோட்டார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு விளக்கு எரியும், அதற்குக் கீழே. விரிவுரையை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடுவேன். பேராசிரியர் பேசுவது அணில் கத்துவது மாதிரி இருக்கும், ஆனாலும் 45 நிமிஷம் 30 நிமிஷமாகச் சுருங்கிவிடும். பாடப் புத்தகத்தைப் போனில் படித்துக் கண் போய்விட்டது. கடைசியில் டவுனில் பக்கத்துக்குப் பத்து காசு கொடுத்து அச்சடித்து, நாசி லெமாக் கட்டும் ரப்பர் பேண்டைப் போட்டுச் சுருட்டி வைத்துக்கொள்வேன்.

ஐந்து வருஷம் ஆனது. ஒரு செமஸ்டர் முழுக்க விட்டுவிட்டேன், மகளுக்கு டெங்கி. முடித்தேன். இப்போது சூப்பர்வைசர்.

அண்ணே, ஆன்லைன் டிகிரியை மதிப்பார்கள். ஆனால் உங்கள் ஏஜென்ட் சொன்ன ஆறு மாதம் எனக்கு உதைக்கிறது.

#4 ஈப்போ_வெள்ளைக்காப்பி | நள்ளிரவு 12.20

ஆறு மாசத்துல டிகிரியா? எனக்கு ரெண்டு தாப்பாவ் கட்டுங்க, ஒண்ணுல சீனி குறைச்சு.

#5 டீச்சரம்மா | லிந்தாங் சாலை | காலை 6.05

தமிழ்ப்பள்ளியில் 26 வருஷமாகக் கற்பிக்கிறேன். பட்டம் வாங்கியது ஓ.யூ.எம்.-இல்தான், அதனால் இரண்டு வார்த்தை.

ஓ.யூ.எம்., அதாவது மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2001-இல்தான் முதல் மாணவர்களைச் சேர்த்தது. நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்கள் 11 சேர்ந்து உருவாக்கியது, இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்போது இதைப் 'பெட்டிக்கடை யுனிவர்சிட்டி' என்று சொன்னவர்கள் உண்டு. பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2007-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அந்தக் காலத்தில் எங்களைப் போல் சான்றிதழ் மட்டும் வைத்திருந்த ஆசிரியர்கள் வேலையை விடாமல் பட்டதாரி ஆவதற்கு இதைத்தான் பிடித்துக்கொண்டோம். நான் 2004-இல் சேர்ந்தேன்.

எங்களில் ஐந்து பேர். ஒரு கஞ்சில், சின்னக் கார். ஐந்து ஆசிரியைகள், ஐந்து கைப்பை, ஐந்து சாப்பாட்டு டப்பா, ஒரு கஞ்சில். வாரக் கடைசியில் ஈப்போவில் வகுப்பு இருக்கும் நாளில், காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து ஹாரன் அடிப்பார் வண்டி ஓட்டும் அக்கா. அதற்குள் சேலை கட்டியிருக்க வேண்டும், இடுபணி (அசைன்மென்ட்) முடித்திருக்க வேண்டும். முடிக்காவிட்டால் ஈப்போ போய்ச் சேரும்வரை நான்கு பேரும் சேர்ந்து பேசுவார்கள், தாங்க முடியாது. என் கணவர் என்னைப் பலமுறை 'விட்டுரும்மா, உடம்பைப் பாரு' என்றிருக்கிறார். நானும் விட்டுவிட நினைத்திருக்கிறேன். அந்த ஹாரனுக்குப் பயந்துதான் முடித்தேன்.

இன்றைக்கு வகுப்பு, கலந்துரையாடல், நூலகம், பரீட்சைகூடப் பல இடங்களில் திரையிலேயே நடக்கிறது. ஈப்போவுக்கு ஓட வேண்டியதில்லை, பெட்ரோல் மிச்சம். ஆனால் வாசலில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. கிராணி ஐயா சொன்ன அந்த ஆசிரியருக்கும் யாரும் அடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. மாலையில் வருகிறேன்.

#6 தொட்டி_மேல் | காலை 10.31

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

2020-இல் நான் முதலாம் ஆண்டு மாணவி. மார்ச் 18 கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மே மாதக் கடைசியில், அந்த வருஷம் டிசம்பர் 31 வரை வகுப்பெல்லாம் ஆன்லைன் என்று அறிவித்தார்கள். ஹாஸ்டலிலிருந்து ஒரு பெட்டியோடு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் லயத்தில் வீட்டுக்குள் போன் லைன் சரியாகக் கிடைக்காது. மாரியம்மன் கோவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ரெண்டு கோடு வரும். தொட்டி மேல் ஏறினால் மூன்று. காலை எட்டு மணி வகுப்புக்கு நான் தொட்டி மேல்தான் உட்கார்ந்திருப்பேன், சிமெண்டு அப்போது குளிர்ச்சியாக இருக்கும். பத்து மணிக்கு மேல் உட்கார முடியாது, சுடும். கோணிப்பை போட்டு உட்காருவேன். கீழே பூசாரி தாத்தா தண்ணீர் பிடிக்க வருவார். "பாப்பா, டீச்சர் இருக்காங்களா?" என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுத்தான் குழாயைத் திறப்பார்.

அந்த ஜூன் மாதம் சபாவில், பித்தாஸில், ஒரு மாணவி பரீட்சை எழுத மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்த காணொளியை நாடே பார்த்தது. எங்கள் அம்மாவும் பார்த்தாள். "நீ பரவாயில்ல, தொட்டிதானே" என்றாள்.

லைனைவிடப் பெரிய பிரச்சினை கேமரா. ஒரு பாடத்தில் கேமராவைப் போட்டே ஆக வேண்டும், மதிப்பெண் உண்டு. ஒரு வழியாக டாப் அப் போட்டு, ஜன்னல் ஓரம் லைன் பிடித்து வீட்டுக்குள் உட்கார்ந்தால், என் பின்னால் தகரச் சுவர், பனியனோடு தூங்கும் அண்ணன், துவைத்துப் போட்ட துணி. மற்றவர்கள் பின்னால் புத்தக அலமாரி. அம்மாவின் மயில் கழுத்து நிறச் சேலையை எடுத்துக் கயிற்றில் திரையாகக் கட்டினேன். விரிவுரையாளர் 'அழகான பின்னணி' என்று பாராட்டினார். நல்ல மனதோடுதான் சொன்னார். அன்று ராத்திரி நான் அழுதேன், ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

தேறினேன், பட்டமும் வாங்கினேன். ஆனால் முதல் இரண்டு வருஷத்துத் தோழிகளில் யாரையும் எனக்கு முகம் பழகவில்லை. கிராணி தாத்தா சொன்ன 'லயத்தைத் தாண்டுவது' எனக்குப் பாதியில் பறிபோனது. அதனால் உங்கள் மகளைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை அங்கிள். சேர்க்கும்முன் அவள் எங்கே உட்காருவாள் என்று பாருங்கள். வேறெதைப் பார்க்காவிட்டாலும் அதைப் பாருங்கள்.

#7 சிவப்பு_மண் | பகல் 1.15

தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகும் 'ஆன்லைன் வரப்பிரசாதம்' என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.

இது ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது? மாணவனுக்கு வசதி என்பது ஒரு பக்கம். ஹாஸ்டல் கட்ட வேண்டாம், விரிவுரை மண்டபம் கட்ட வேண்டாம், ஒருமுறை பதிவு செய்த பாடத்தை எத்தனை பேருக்கும் போட்டுக் காட்டலாம். அந்த வசதி யாருக்கு? போகிற போக்கில் வசதியுள்ளவன் பிள்ளைக்கு வளாகம், நம் பிள்ளைக்கு லிங்க் என்றாகிவிடும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஒரு காலத்தில் இப்படித்தான் வைத்திருந்தார்கள், 'இவங்களுக்கு இது போதும்' என்று.

இலவசப் பாடங்களையும் பார்த்தோம். 2012-இல் கோர்செரா, எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளங்கள் வந்தபோது உலகமே ஒரே வகுப்பறை என்றார்கள். 2014-இல் நம் அரசுப் பல்கலைக்கழகங்களும் இதேபோல் திறந்த பாடங்களைப் போட்டன. நல்ல காரியம்தான். ஆனால் சேருகிறவர்களில் பத்தில் ஒருவர் முடித்தாலே அதிசயம் என்பதுதான் இந்த இலவசப் பாடங்களின் கதை.

#8 இரவு_ஷிப்ட் | பகல் 3.40

சிவப்பு மண் அண்ணே, இலவசப் பாடத்தையும் பணம் கட்டிச் சேரும் டிகிரியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அந்தத் தங்கச்சிக்கு 2020-இல் நடந்ததும் வேறு. வகுப்பறையில் நடத்த வேண்டிய பாடத்தை அவசரத்துக்குக் கேமரா முன்னால் தூக்கி வைத்தார்கள். தூரத்தில் இருப்பவனுக்கென்றே எழுதிய பாடம் வேறு மாதிரி இருக்கும். அதில் காலை எட்டு மணிக்கு நீ தொட்டி மேல் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் குறைவு. ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டகையில் உட்கார்ந்து கேட்டாலும் அதே பாடம்தான்.

வசதியுள்ளவனுக்கு வளாகம் என்பது உண்மை. ஆனால் எனக்கு இருந்தது வளாகமா ஆன்லைனா என்ற கேள்வி இல்லை, ஆன்லைனா ஒன்றுமே இல்லையா என்ற கேள்வி.

#9 செம்பனை_லாரி | மாலை 5.50

எல்லாருக்கும் நன்றி. இப்போதுதான் மில்லில் குலை இறக்கிவிட்டு வரிசையில் நிற்கும்போது படித்தேன். தொட்டி மேல் உட்கார்ந்த பிள்ளை எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

லைன் பற்றி: 2021 கடைசியில் 3ஜி-யை மூடிய பிறகு என் பழைய போன் செத்துவிட்டது, வேறு வாங்கினேன். இப்போது 4ஜி வீட்டுக்குள் பரவாயில்லை, மழை பெய்தால் போய்விடும். ஃபைபர் டவுன் தாமான் குடியிருப்பு வரைக்கும்தான்.

ஏஜென்ட் மொத்தம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார், வெளிநாட்டு யுனிவர்சிட்டியாம். அதைச் சரியா தப்பா என்று எப்படிப் பார்ப்பது?

#10 இரவு_ஷிப்ட் | மாலை 6.30

அண்ணே, நீங்கள் டன் கணக்குப் பார்ப்பவர், அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

நம் நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரப் படிப்பு, வகுப்பு, வாசிப்பு, இடுபணி, பரீட்சை எல்லாம் சேர்த்து. 120-ஐ 40-ஆல் பெருக்கினால் 4,800 மணி நேரம். ஆறு மாதம் என்பது 180 நாள். வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 26 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. வேலை அனுபவத்துக்கு 30 விழுக்காடு வரை கிரெடிட் கழித்துக் கொடுக்கும் வழி உண்டு, அதையும் கழித்தால்கூட நாளுக்கு 18 மணி நேரத்துக்கு மேல், ஞாயிறு, தீபாவளி லீவு எதுவும் கிடையாது.

மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம், அதாவது எம்.க்யூ.ஏ., அங்கீகரித்த படிப்புகளின் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கிறது. பார்க்கக் காசு வேண்டாம். கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், மகள் சேரப் போகும் படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். தற்காலிக அங்கீகாரமா முழு அங்கீகாரமா என்றும் பாருங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அரசு வேலை ஆசை இருந்தால் பொதுச் சேவைத் துறையின் அங்கீகாரமும் வேண்டும். ஏஜென்டின் சொந்த வங்கிக் கணக்குக்கு மட்டும் ஒரு காசு போடாதீர்கள்.

#11 பழைய_கிராணி | மாலை 6.52

ஒரு நாளைக்கு 26 மணி நேரம்! ஓவர்டைம் கணக்கு எழுதியே காலத்தைக் கழித்தவன் நான், நானே இப்படி எழுதியதில்லை.

#12 ஈப்போ_எச்ஆர் | இரவு 8.10

ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன், என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் ஆன்லைன் பட்டம் என்றால் விண்ணப்பத்தை ஓரமாக வைத்தோம், பொய் சொல்ல மாட்டேன். 2020, 21-இல் படித்து வந்த பிள்ளைகளில் ஆன்லைனில் படிக்காதவர் யார்? அதற்குப் பிறகு யாரை ஓரமாக வைப்பது? இப்போது அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பேன், அப்புறம் நேர்காணல். வேலை பார்த்துக்கொண்டே ஐந்து வருஷம் படித்தேன் என்று ஒருவர் சொன்னால் அது எனக்குப் பெரிய விஷயம். குறை என்று பார்த்தால், சிலருக்கு நான்கு பேர் முன்னால் வாய் திறக்க வரவில்லை. எழுதச் சொன்னால் நன்றாக எழுதுவார்கள்.

எல்லாப் படிப்பும் இதற்குத் தோதுப்படாது. மருத்துவம், தாதிமை போல் கை பழக வேண்டிய படிப்பை 'முழுக்க வீட்டிலிருந்தே' என்று யாராவது விற்றால் ஓடிவிடுங்கள். லாரி அண்ணே, உங்கள் மகள் பாலர் பள்ளியில் வேலை என்கிறீர்கள், வணிக நிர்வாகத்தை எதற்குப் படிக்க வேண்டும்? அது அவர் கேட்டதா, ஏஜென்ட் கேட்டதா?

#13 அதே_வீடு | இரவு 9.25

அப்பா, உங்கள் போனில் என் ஈமெயில்தான் போட்டு வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து எல்லாருடைய பதிலும் எனக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது.

அண்ணன், அக்கா, ஐயா எல்லாருக்கும் வணக்கம். நான்தான் அந்த மகள்.

வணிக நிர்வாகத்தை நான் கேட்கவில்லை. எனக்குச் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் படிப்பு வேண்டும், பாலர் கல்வி. எங்கள் பள்ளியில் நான்கு வயதுப் பையன் ஒருவன் மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை. போன வாரம் என்னிடம் வந்து 'டீச்சர், பூனை' என்றான். என்னை டீச்சர் என்றது அவன் மட்டும்தான், மற்றவர்களுக்கு நான் அக்கா. ஏன் அவன் அவ்வளவு நாள் பேசவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்.

படிக்கப் பயமில்லை. ராத்திரி ஒன்பது மணிதான் பயம். அப்போதுதான் எனக்கு வேலை ஓயும். அப்போதுதான் வீட்டில் சீரியல், தம்பியின் கேம், அம்மாவுக்கு மருந்து, பக்கத்து வீட்டு அத்தை வந்து உட்காருவார். எனக்கென்று ஒரு மேசை கிடையாது. சாப்பாட்டு மேசையில் எப்போதும் எதாவது இருக்கும்.

ஆனால் ஒன்று யோசித்தேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு இப்போது இரண்டு நாள் தம்பி அழைத்துப் போகிறான், சனிக்கிழமை நான். மெஷினில் போட்டால் நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து டிக்டாக் பார்க்கிறேன். அங்கே லைன் நன்றாக இருக்கிறது.

#14 செம்பனை_லாரி | இரவு 10.02

ஒன்றை நான் மறைத்துவிட்டேன். பதிவுக் கட்டணம் என்று 500 வெள்ளி அந்த ஏஜென்டுக்குப் போன வாரமே போட்டுவிட்டேன், ஒரு தனி ஆள் கணக்குக்கு. போட்ட பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. அதனால்தான் இங்கே கேட்க வந்தேன். அவளிடமும் சொல்லவில்லை, இப்படித் தெரிந்துகொள்வாள் என்று நினைக்கவில்லை.

#15 இரவு_ஷிப்ட் | இரவு 10.08

அண்ணே, வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் வங்கியைக் கூப்பிடுங்கள், 997-க்கு அழையுங்கள், அது மோசடிக்கென்றே 2022-இல் வைத்த எண். ஒரு வாரம் ஆகிவிட்டதால் பணம் திரும்ப வரும் என்று நம்பிக்கை கொடுக்க மாட்டேன். போலீஸ் புகார் கட்டாயம் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

#16 சிவப்பு_மண் | இரவு 10.20

நானும் ஒருமுறை 1,200 வெள்ளி விட்டவன் அண்ணே. வேறு கதை, வேறு ஏஜென்ட். மீதியை நேரில் சொல்கிறேன்.

#17 டீச்சரம்மா | இரவு 10.45

கண்ணம்மா, பாலர் கல்வியில் இளங்கலைப் படிப்பு தொலைதூர வழியில் உண்டு. உனக்கு 21 தாண்டிவிட்டது, பாலர் பள்ளி அனுபவமும் இருக்கிறது, அப்பெல் வழியை முயன்று பார். பள்ளியில் உன் பொறுப்பாளரிடம் இப்போதே ஒரு கடிதம் கேட்டு வாங்கி வை, எந்தத் தேதியிலிருந்து வேலை, என்னென்ன செய்கிறாய் என்று விவரமாக எழுதச் சொல். 'உதவியாளர்' என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடு. வாவாசானுக்கு ஈப்போவில் வட்டார மையம் உண்டு, நேரில் போய்க் கேள். ஓ.யூ.எம்.-இலும் கேள். ஒரு செமஸ்டரில் எத்தனை பாடம் எடுக்கலாம், பாடத்துக்கு எவ்வளவு என்று கேட்டு, முதல் முறை இரண்டே பாடம் எடு. ஆர்வத்தில் ஐந்து எடுத்தவர்கள்தான் முதலில் காணாமல் போகிறார்கள்.

பணத்துக்கு, அப்பாவின் இ.பி.எஃப். சேமநிதியில் பிள்ளைகளின் படிப்புக்கு எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்கை மூன்றாகப் பிரித்தார்களே, அதில் செஜாத்திரா கணக்கிலிருந்து. அண்ணே, மொத்தத்தையும் வழித்து எடுத்துவிடாதீர்கள்.

லிந்தாங் பக்கம் இரண்டு பெண்கள் ஏற்கெனவே படிக்கிறார்கள், இருவரும் என் பழைய மாணவிகள். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து வா, அறிமுகப்படுத்துகிறேன். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு கஞ்சில் போதும்.

#18 பழைய_கிராணி | காலை 5.30

ராத்திரி தூக்கம் வரவில்லை. படித்துக்கொண்டே இருந்தேன்.

1960-இல் அமைச்சர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நிலம் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் கட்டினார். இந்த ஊர்த் தொகுதிக்காரர். எங்கள் அப்பாவும் பத்து வெள்ளி கொடுத்தார், அதை ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு யாரும் நிலம் வாங்க வேண்டாம். எங்கள் தோட்டத்தில் பழைய ஆயாக் கொட்டாய் பூட்டிக் கிடக்கிறது, உள்ளே உடைந்த தொட்டில் நான்கு. அதற்கு ஒரு லைனும் நான்கு மேசையும் ஒரு மின்விசிறியும் போட எவ்வளவு ஆகும்? மேனேஜரிடம் கேட்கப் போகிறேன். 'நான் செத்த பிறகு பார்க்கலாம்' என்று சொல்லாமல் இருந்தால் சரி.

அதுவரைக்கும், பாப்பா, என் வீடு டவுன் தாமானில்தான். வாசல் திண்ணையில் ஒரு மேசை இருக்கிறது, என் பழைய ஆபீஸ் மேசை, ஏலத்தில் வாங்கினேன். ஃபைபர் பேரன் போட்டது. சாதாரணமாக நான் எட்டரைக்குப் படுத்துவிடுவேன், கிழவி பத்து மணி வரை விழித்திருப்பாள், பேச்சுத் துணை கேட்பாள், அதைக் கொஞ்சம் சமாளித்துக்கொள். வளாகத்துக்குப் போய்ப் படிப்பதுதான் படிப்பு என்று நான் சொன்னதை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. பட்டமளிப்புக்காவது நேரில் போ.

#19 செம்பனை_லாரி | மாலை 7.15

வங்கிக்குப் போனேன், போலீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கணக்கில் இப்போது காசு இல்லையாம். சரி.

டவுனில் மரக்கடையில் மேசைக்குப் பலகை கேட்டேன். நான்கடி போதுமா ஐந்தடி வேண்டுமா, யாராவது சொல்லுங்கள். கூடத்தில் டிவி இருக்கும் மூலைதான் ஜன்னல் ஓரம். டிவியை அறைக்குள் மாற்றிவிட்டேன், அவள் அம்மாவே சொன்னாள். அத்தை வந்தால் உள்ளே போய் உட்காரட்டும். சனிக்கிழமை ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை டீச்சர் வீடு, நடுவில் ஐயா வீட்டுத் திண்ணை.

டீச்சர் சொன்ன ஹாரன் மட்டும்தான் பாக்கி. அதற்கு என்னிடம் லாரியே இருக்கிறது. காலை ஐந்தரைக்கு அந்த வழியாகத்தானே போகிறேன்.

#20 அதே_வீடு | மாலை 7.21

ஐந்தடி. லாரி ஹாரன் வேண்டாம்ப்பா, லயமே எழுந்துவிடும்.